சாம்பலில் சேர மறுத்த ஜுன்லியோங்

உயிரோடு இருந்தவரை கோ ஜுன்லியோங்கின் சம்மதத்தை யாரும் எதற்கும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோது அப்பா கேட்கவில்லை. மீன் குளத்தில் இறக்கிவிட்டபோதும் கேட்கவில்லை. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள், "பொண்ணு நல்லா வேலை செய்யும்" என்றார்கள். அது தகவல், கேள்வி அல்ல. அந்தப் பெண் சாய்ஹுன் கல்யாணமாகி வந்து சந்தைத் தெருவில், வீட்டு முன்னறையிலேயே கஞ்சிக் கடை போட்டாள். அவளும் கேட்கவில்லை. மகன் தைபெய்யில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு, சேர்ந்த செய்தியைப் போனில் சொன்னான். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்கூட வாசலில் நிற்கும் அவரைத் தாண்டி உள்ளே போய் அவர் மனைவியிடம்தான் கேட்டார்கள்.

செத்த பிறகு நிலைமை தலைகீழாயிற்று. எந்தப் பெட்டி பிடித்திருக்கிறது, கேள். அஸ்திக் கலசம் மேல் அடுக்கிலா, கீழ் அடுக்கிலா, கேள். சாப்பிட்டு முடித்தாயிற்றா, தட்டை எடுக்கலாமா, கேள். எங்கள் தைவான் கடலோர ஊர்களில் செத்தவரின் அனுமதி இல்லாமல் மேசையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தைக்கூட எடுத்துவிட முடியாது. அறுபத்தேழு வருஷம் மூடிக் கிடந்த ஒரு மனிதனின் அபிப்பிராயத்துக்கு ஒரே நாளில் இவ்வளவு கிராக்கி வருமென்று தெரிந்திருந்தால் அவர் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பியிருப்பார்.

கேட்பதற்குப் பிறைக்கட்டைகள் இருக்கின்றன. பிறை வடிவில் செதுக்கிய இரண்டு மரத்துண்டுகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. கேள்வியைச் சொல்லித் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையும் ஒன்று உருண்டையுமாக விழுந்தால் சரி. இரண்டும் உருண்டை மேலாக விழுந்தால் மாட்டேன். இரண்டும் தட்டை மேலாக விழுந்தால் செத்தவர் சிரிக்கிறார். எதற்குச் சிரிக்கிறார் என்று அவர் சொல்வதில்லை. உயிரோடு இருப்பவர்களில் பாதிப் பேரும் சொல்வதில்லை.

சாய்ஹுனின் கதையைச் சொல்ல வந்துவிட்டு அவள் புருஷனில் ஆரம்பிப்பது நியாயம் இல்லைதான். ஆனால் அவளும் எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பாள்.

கறுத்த, குட்டையான பெண்மணி. கைகள் மட்டும் ஆளைவிட ஒரு சுற்றுப் பெரியவை. விடிந்ததும் பால்கெண்டைக் கஞ்சி, கூடவே எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சி. வெயில் ஏறுவதற்குள் கடை காலி. வாடிக்கையாளர்களிடம் அவள் பேசுவதெல்லாம் ஏச்சுதான். "நேத்து மிச்சம் வச்சியே, உங்கப்பன் வந்து திம்பானா?" என்று கேட்டுக்கொண்டே கிண்ணத்தில் ஒரு துண்டு கூடுதலாகப் போடுவாள். ஏச்சு குறைந்த நாளில், "உடம்பு சரியில்லையா ஹுன்?" என்று ஜனங்கள் விசாரிப்பார்கள்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் புருஷனைக் கூப்பிட ஒரு சொல் உண்டு: செத்த பேய். கோபத்தில் சொன்னால் வசவு. குரல் குழைந்தால் கொஞ்சல். தெருவில் நின்று உரக்கச் சொன்னால், சோறு ஆறுகிறது, வந்து தொலை என்று அர்த்தம். சாய்ஹுன் கல்யாணமான வருஷம் பிடித்த சொல் அது. வாய் ஓயாமல் சொன்னாள். பிறகு ஒரு நாள் ஜுன்லியோங் குளக்கரையில் உட்கார்ந்து, தண்ணீருக்குக் காற்றடிக்கும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, அவர் நின்றுவிட்டார். அன்றோடு அந்தச் சொல் செல்லாக்காசாகிப் போனது. செத்தவரைச் செத்தவர் என்று கூப்பிடுவதில் என்ன ருசி இருக்கிறது? அவர் ஆவிக்கென்று வைத்த பெயர்ப்பலகைக்கு முன்னால் சோற்றுக் கிண்ணத்தை வைக்கும்போது அவள் "ஜுன்லியோங்" என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். யாரோ வங்கி அதிகாரியைக் கூப்பிடுவது போலிருந்தது.

வீட்டுக் கூடத்தில் பெரிய மேசையில் முன்னோர்களின் பெயர்களை எழுதி வைத்த பேழை. அதன் முன்னே அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஊதுபத்திச் சட்டி. புதிதாகச் செத்தவருக்கு முதல் வருஷம் அங்கே இடம் கிடையாது. ஓரத்தில் தனி மேசை, தனிப் பெயர்ப்பலகை, தனிச் சட்டி. சாய்ஹுன் தினமும் காலையில் அங்கே கிண்ணத்தை வைத்துவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். கிண்ணம் வைப்பது நூறு நாள் வரை போதும் என்று ஊரில் சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மீன் விலை, மகன் போன் செய்யாதது, பக்கத்துக் கடைக்காரி கஞ்சியில் மாவைக் கலப்பது எல்லாம் ஜுன்லியோங்குக்குச் சொல்லியாக வேண்டும். அவர் பதில் சொல்வதில்லை. அந்த வகையில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

வருஷம் திரும்பியதும் அவரைச் சேர்க்கும் நாள் வந்தது. தனிப் பெயர்ப்பலகையை எரித்து, அவர் சட்டியிலிருந்து கொஞ்சம் சாம்பலை எடுத்து முன்னோர்களின் சட்டியில் போட்டுவிடுவார்கள். பெயர் பேழைக்குள் போய்விடும். அதற்குப் பிறகு தனிக் கிண்ணம் இல்லை, தனி முக்காலி இல்லை, பொதுப்பந்தி. ஜுன்லியோங் அன்று முதல் ஜுன்லியோங் இல்லை, முன்னோர். இது பதவி உயர்வு என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சாய்ஹுனுக்கு மட்டும் அது புருஷனை இரண்டாம் தரம் தூக்கிக்கொண்டு போவதாகப் பட்டது. வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால், பைத்தியமா என்பார்கள்.

காலையில் லோ பூசாரி ஸ்கூட்டரில் வந்தார். அங்கியைச் சூப்பர் மார்க்கெட் பையில் சுருட்டி வைத்திருந்தார். அவருக்கு அடுத்த ஊரில் ஒரு புதுமனை புகுவிழா காத்திருந்தது. மகன் யூச்செங் முந்தின நாளே வந்துவிட்டான். ஜுன்லியோங்கின் அக்கா கிம்சுய் முழங்கால் வலியோடு வந்து, கூடத்திலேயே நல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மேசையில் கோழி, பன்றிக்கறி, முழுசாய்ப் பொரித்த பால்கெண்டை, சிவப்பு மாவுருண்டை, ஒரு பானை சூப்பு.

யூச்செங் மண்டியிட்டான். "அப்பா, ஒரு வருஷம் ஆச்சு. இன்னைக்கு உங்களைத் தாத்தா பாட்டியோட சேர்க்கப்போறோம். சம்மதம்னா வரிசையா மூணு தரம் சரி சொல்லுங்க."

கட்டைகளைப் போட்டான். இரண்டும் உருண்டை மேலாக.

மாட்டேன்.

அவன் பின்னால் நின்ற சாய்ஹுனின் நெஞ்சு துள்ளியது. ஏனென்றால், மகன் கட்டைகளைத் தூக்கிய அதே நேரத்தில் அவளும் மனசுக்குள் ஒன்று கேட்டிருந்தாள். 'போகாதே. இங்கேயே என்கூட இருக்கியா?' அந்த மனிதர் போகமாட்டேன் என்றுவிட்டாரே! பூவைச் சரி செய்வது போலத் திரும்பிக்கொண்டாள். சிரிப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது.

"இன்னொரு தரம்," என்றார் லோ.

மறுபடியும் இரண்டும் உருண்டை.

"ஏதோ குறை இருக்கு. என்ன பிடிக்கும் அவருக்கு?"

எல்லோரும் சாய்ஹுனைப் பார்த்தார்கள். "யாரு கேட்டா அவர்கிட்ட? வச்சதைத் திம்பாரு," என்றாள் அவள்.

"சிகரெட்டுப்பா. பத்த வைக்கலையே," என்றான் யூச்செங். ஒன்றைப் பற்றவைத்துச் சட்டியில் நட்டார்கள். மாட்டேன். மீனின் தலை அவர் பக்கம் இல்லை என்றாள் கிம்சுய். தட்டைத் திருப்பினார்கள். மாட்டேன். வெற்றிலைப் பாக்குக்கு ஆள் ஓடியது. இரண்டும் தட்டை. சிரித்தார்.

"சிரிக்கிறார்னா பக்கத்துல வந்துட்டோம்," என்றான் யூச்செங்.

"பக்கத்துலயும் இல்ல, தூரத்துலயும் இல்ல. நீ அசட்டுத்தனமா அலையறதைப் பார்த்துச் சிரிக்கிறான்." கிம்சுய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியும்டா என்னன்னு. உங்க தாத்தா இருக்காரே, அந்தப் பேழைக்குள்ள."

விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு குளிர்காலத்தில் ஜுன்லியோங், கடுங்குளிர் வரப்போகிறது, மீனைப் பிடித்துவிடலாம் என்றார். அப்பா, உன்னை யார் கேட்டது என்றார். குளிர் வந்தது. விடிந்தபோது குளம் முழுக்க மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஜுன்லியோங் 'சொன்னேனே' என்று சொல்லவில்லை. அப்பாவிடம் அதற்குப் பிறகு எதையுமே சொல்லவில்லை. அப்பாவும் பேசவில்லை. கிழவர் சாகும்வரை இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், நடுவில் சாய்ஹுன்.

"அப்பாகிட்ட சொல்லு, மதகு திறந்திருக்குன்னு."

"அவன்கிட்ட சொல்லு, எனக்குக் கண்ணு இருக்குன்னு."

"கண்ணு இருந்தா மூடலாமேன்னு சொல்லு."

"ரெண்டு பேரும் சோத்தை முழுங்குங்க!" இது மட்டும் சாய்ஹுன் சொந்தமாகச் சேர்ப்பது. ஒரே பாஷை பேசும் இரண்டு ஆண்களுக்கு நடுவே மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்து அவளுக்குப் பாதி ஆயுசு போயிற்று.

கிம்சுய் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கைகூப்பினாள். "தம்பி, அப்பா பண்ணது தப்புதான்டா. பெத்த பொண்ணு நான் சொல்றேன். அங்க போய் அவர்கூடப் பேச வேண்டாம், சும்மா இருந்தாப் போதும். இங்க இருந்த மாதிரியே இரு."

யூச்செங் போட்டான். மாட்டேன்.

சாய்ஹுனுக்குப் பரம திருப்தி. ஒவ்வொரு தரமும் அவள் தன் கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இருக்கியா? இருக்கியா? அவர் போகமாட்டேன், போகமாட்டேன் என்கிறார். நாளைக்கும் கிண்ணம் உண்டு.

அப்போதுதான் லோ பூசாரியின் பார்வை கிம்சுய்யின் உதடுகளில் விழுந்தது. "பாட்டியம்மா, நீங்க என்ன முணுமுணுக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. முழங்காலுக்கு ஆபரேஷன் பண்ணிக்கலாமான்னு கூடவே கேட்டுவச்சேன்."

"அத்தை!" என்றான் யூச்செங்.

"என்னடா அத்தை? எப்படியும் பதில் சொல்லிக்கிட்டுதானே இருக்கான்!"

லோ இடுப்பில் கை வைத்தார். "நல்லா இருக்கு. அவர் பையனுக்குச் சொல்றாரா, உங்க முழங்காலுக்குச் சொல்றாரா, நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? உயிரோட இருக்கிற ஆளுகிட்ட ரெண்டு பேர் ஒரே நேரத்துல கேட்டாலே பதில் தப்பான ஆளுக்குப் போயிரும். எல்லாரும் வாயை மூடுங்க. மனசையும் மூடுங்க. தம்பி மட்டும் கேக்கட்டும்."

"அப்போ ஆபரேஷன் வேண்டாம்னுட்டானா?" என்று கிம்சுய் கவலையானாள்.

சாய்ஹுனுக்கு ஈரத்துணியால் முகத்தில் அடித்தது போலிருந்தது.

பதில் தப்பான ஆளுக்குப் போயிரும்.

மகன் கேட்டது: போகச் சம்மதமா? மாட்டேன். அவள் கேட்டது: என்கூட இருக்கியா? மாட்டேன். கட்டைகள் ஒன்றுதான். பதிலும் ஒன்றுதான். அது யாருக்கு? இத்தனை நேரமும் மகனுக்கு என்று எடுத்துக்கொண்டு பூவுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் ஜுன்லியோங் எப்போதாவது வேறு யாருக்காவது பதில் சொல்லியிருக்கிறாரா? எல்லாப் பதிலும் அவள் வழியாகத்தானே போகும்?

"சூப்பு ஆறிடுச்சு," என்று சொல்லிவிட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அடுப்பைப் பற்றவைத்தாள். ஒன்றும் கேட்கக் கூடாது. சூப்பை நினை. இஞ்சி போதுமா. உப்பு போதுமா. வாயை மூடலாம், கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. மனசு எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும், மூடி போட? கூடத்தில் கட்டைகள் தரையில் மோதும் 'டக்' சத்தம் கேட்ட நொடியில், உள்ளே இருந்து அது பாட்டுக்கு வந்துவிட்டது. இரேன்.

"மறுபடியும் மாட்டேங்கறாரே!" என்று மகன் குரல் கேட்டது.

அவள் கரண்டியை வைத்தாள். தன்னிடம்தான் சொல்கிறார். நிச்சயம் என்றில்லை, ஆனால் கல்யாணமான பெண்களுக்குச் சில பதில்கள் யாருக்கென்று தெரிந்துவிடும். உயிரோடு இருந்தவரை யாரும் எதையும் கேட்காத மனிதர், ஒரு வருஷமாக ஓர மேசையில் ஒற்றையாக உட்கார்ந்து, மாவு கலந்த கஞ்சியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். போக வேண்டும் என்கிறார். முதல் தடவையாக அவர் சம்மதத்தை எல்லோரும் கேட்கிறார்கள். அவளும் கேட்கிறாள், ஆனால் தனக்கு வேண்டிய பதிலாக வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதற்குப் பெயர் கேட்பதா? அவருடைய அப்பா செய்ததும் அதுதானே!

சூப்பு கொதித்துப் பொங்கியது. அணைத்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினாள்.

"கட்டையைக் குடு," என்றாள் மகனிடம்.

"அதெப்படி? பொண்டாட்டி போடுற வழக்கம் இல்லையே!" என்றாள் கிம்சுய்.

"முழங்காலுக்குக் கேக்கற வழக்கம் மட்டும் இருக்கா அக்கா?"

லோ பூசாரி கடிகாரத்தைப் பார்த்தார். வழக்கத்தை யோசித்தார். புதுமனைக்காரர்களை யோசித்தார். "போடட்டும்," என்றார்.

சாய்ஹுன் மண்டியிடவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு, தினமும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். பெயர்ப்பலகையைப் பார்த்தாள். ஜுன்லியோங் என்று கூப்பிடத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"செத்த பேயே."

கிம்சுய் திடுக்கிட்டாள். யூச்செங் தலையைக் குனிந்துகொண்டான். அவன் காது சிவந்தது.

"செத்த பேயே, கேளு. நான்தான் இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். இவங்க யாருக்கும் தெரியாது, உனக்குத் தெரியும். இனிமே கேக்கமாட்டேன். உங்கப்பன் உள்ள இருக்காரு. சண்டை போடாதே. பேசணும்னா நேராப் பேசு. நடுவுல ஆள் இல்ல, நான் வர நாளாகும். கடை இருக்கு." முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். "ஆனா வருவேன். எல்லாரும் அங்கதான் வரணும், நீ ஒண்ணும் பெரிய ஆள் இல்ல. வந்தா உங்கம்மா பக்கத்துல என்னை உக்கார வச்சிருவாங்க. அது ஆகாது. நடுவுல உன் மூங்கில் தொப்பியைப் போட்டு இடம் பிடிச்சு வை. போறியா?"

போட்டாள். ஒன்று தட்டை, ஒன்று உருண்டை.

"ஒண்ணு!" என்றார் லோ.

மறுபடி போட்டாள். சரி.

"ரெண்டு!"

மூன்றாம் முறை கட்டைகள் தரையில் உருண்டு, மேசைக்கால் வரை போய் விழுந்தன. இரண்டும் தட்டை மேலாக.

லோ பெருமூச்சு விட்டார். "சிரிச்சுட்டாரு. கேள்வி புரியலைன்னு அர்த்தம். முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"அதெல்லாம் நல்லாப் புரிஞ்சிருக்கு. உங்கம்மான்னு சொன்னேன் இல்ல, அதுக்குச் சிரிக்கிறாரு," என்றாள் சாய்ஹுன். மாமியார் உயிரோடு இருந்தபோதும் அவர், இவள் மாமியாரைக் குறை சொல்லும் இடத்தில் மட்டும், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, சிரித்திருக்கிறார்.

முதலிலிருந்து போட்டாள். சரி, சரி, சரி. ஒன்றன்பின் ஒன்றாக, வெகு நேரமாகப் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் ஏறிக்கொண்டது போல.

பெயர்ப்பலகை முற்றத்தில் எரிந்தது. மகன் அவருடைய சட்டியிலிருந்து கரண்டியில் சாம்பலை அள்ளிப் பெரிய சட்டியில் போட்டான். சாய்ஹுன் எட்டிப் பார்த்தாள். விழுந்த இடத்தில் ஒரு சின்னக் குவியல் தெரிந்தது, இதுதான் அவர் என்று விரல் வைத்துக் காட்டலாம் போல. லோ பூசாரி ஊதுபத்தி நட வசதியாகச் சட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். சமமாகிவிட்டது. மாமனார் எது, மாமியார் எது, அவர்களுக்கும் முன்னால் உப்பளத்தில் வெந்தவர்கள் எது, ஜுன்லியோங் எது? எல்லாம் ஒரே சாம்பல் நிறம். இப்படி ஒரு சட்டியில் போய்ச் சேர்வதற்கா ஒரு குளத்து மீனுக்காக அத்தனை வருஷம் பேசாமல் இருந்தார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கோபம் வரவில்லை. நாளைக்குத் தானும் ஒரு கரண்டி என்று நினைத்தபோது பயமும் வரவில்லை. கரண்டியைக் கழுவி வைக்க வேண்டுமே என்றுதான் நினைத்தாள்.

பூசாரி ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினார். கோழியையும் மீனையும் பங்கு போட்டார்கள். கிம்சுய், "தனியா ஒரு தரம் முழங்காலுக்குப் போட்டுப் பார்த்துடலாமே," என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சாய்ஹுன் வழக்கம் போலக் கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள். ஓர மேசை இல்லை. யூச்செங் மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போயிருந்தான். கையில் கிண்ணத்தோடு சற்று நின்றாள். பிறகு முக்காலியைப் பெரிய மேசைக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கஞ்சியைத் தானே குடித்தாள்.

பாதி குடித்ததும், "பக்கத்துக் கடைக்காரி இப்போ மாவோட..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். பேழைக்குள் மாமியார் இருக்கிறாள். மாமனார் இருக்கிறார். முகம் தெரியாத ஒரு கூட்டமே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

யோசித்தாள்.

"பெரியவங்க எல்லாரும் கொஞ்சம் காதைப் பொத்திக்கங்க," என்றாள். "அத்தை, நீங்க முக்கியமா." கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, மேசைப் பக்கம் சாய்ந்தாள். "ஏய் செத்த பேயே, கேக்குதா? அவ இப்போ மாவோட மட்டும் நிக்கல..."

தெருவில் யாரோ கடையின் இரும்புக் கதவைத் தட்டினார்கள். தட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.